ஒன்பது பேர் கொடுத்த வாக்குமூலம்

ஸ்காபரோ, 1107ஆம் இலக்க வீடு.
1999 பெப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2 மணி 40 நிமிடம்.
இந்த நிமிடம் வரை என்னைப் பற்றி வாக்குமூலம் கொடுத்தவர்கள்: ஒன்பது பேர். அதில் கேட்காமலே கொடுத்தவர்: ஒருவர்.

ஒஷாவாவில் வசிப்பவரும், என் உம்மாவுக்கு மூத்தவரும், ‘கருத்துக் களம்’ அமைப்பின் ஆயுட்காலத் தலைவருமாகிய மதிப்புக்குரிய மஃரூப் மாமா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சலாம் கடமை, சொல்லிவிட்டேன். நீங்களும் மாமியும் அஸ்மியாவும் சுகமா என்று விசாரிப்பது வழக்கம். ஆனால் மூன்று கிழமையாக விசாரிப்பு என்ற சொல் காதில் விழுந்தாலே எனக்கு நெஞ்செரிச்சல் வருகிறது. ஆகவே சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் இதை எழுதும் இந்த நேரம் நீங்கள் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், விருந்து அறையில், மூன்று மணிக் கூட்டத்துக்குக் கதிரை அடுக்கிக்கொண்டிருப்பீர்கள். லிஃப்டில் இறங்கினால் ஒரு நிமிடம். ஆனாலும் தபால்தான் சரி. நேரில் வந்தால் தோளில் கையைப் போட்டு, மருமகன் முதல்ல ஒரு ரோல்ஸ் சாப்பிடுங்கோ என்பீர்கள், நான் சாப்பிடுவேன், விஷயம் அத்தோடு செத்துவிடும். இந்த நாட்டுக்கு வந்த பதினைந்து வருடமாக நம் குடும்பத்தில் எல்லா விஷயமும் ரோல்ஸ் தின்றுதான் செத்திருக்கிறது.

முதலில் உங்கள் களம். டிசம்பரில் அமெரிக்கா ஈராக்கின் மீது குண்டு போட்டது. நாலு நாள். நாலாம் நாள் அவர்களே நிறுத்திவிட்டார்கள். அடுத்த நாள் ஞாயிறு, நீங்கள் தொடங்கினீர்கள். தலைப்பு: ‘அமெரிக்க யுத்தம்: தேசத்தின் பாதுகாப்பா, தனிமனிதனின் சுதந்திரமா?’ இன்றைக்கு எட்டாவது ஞாயிறு. பனி கொட்டி நின்றுபோன ஒரு ஞாயிறைக் கழித்தாலும் இது ஏழாவது அமர்வு. ஒரு வல்லரசு நாலு நாளில் முடித்த வேலையை நீங்கள் பதினேழு கதிரையும் ஒரு மைக்கும் வைத்துக்கொண்டு இன்னும் முடிக்கவில்லை, அந்த மைக்கையும் திருத்தித் தந்தவன் நான். ஒரு பக்கம் நீங்கள்: யுத்தம் வந்தால் அரசாங்கம் முதலில் தன் சொந்த ஆட்களைத்தான் பிடிக்கும், போன் ஒட்டுக்கேட்கும், அக்கம்பக்கத்தைக் கோள் சொல்ல வைக்கும், கோள் சொல்பவன் மனிதனே இல்லை. மற்றப் பக்கம் பொன்னம்பலம் அங்கிள்: நாடு என்றால் பாதுகாப்பு வேண்டும், ஒளிக்க ஒன்றும் இல்லாதவனுக்கு என்ன பயம், வந்து கதவைத் தட்டினால் திறந்துவிடுவதுதானே. நோன்பு மாதம் முழுக்க அவர் உங்களை மதித்துத் தன் ரோல்ஸைக் கதவுக்கு வெளியே நின்று சாப்பிட்டார். களத்தில் ஏற்பட்ட ஒரே உடன்பாடு அது. ஜனவரியில் பனி அள்ள ரொறன்ரோவுக்கு இராணுவம் வந்தபோது, பாத்தீங்களா தொடங்கிட்டாங்கள், இண்டைக்குப் பனி நாளைக்கு நாங்கள் என்று மைக்கில் முழங்கினீர்கள். அன்றைக்கு உங்கள் கார் கதவுப்பிடி வரைக்கும் புதைந்து கிடந்தது. அதைத் தோண்டி எடுத்தது எந்தச் சிப்பாயும் இல்லை, நான்.

நான் எந்தப் பக்கமும் சேரவில்லை. எனக்கு நேரம் இல்லை. மூன்றாவது அமர்வில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த உங்கள் மகள் அஸ்மியா தலையை நிமிர்த்தி என்னிடம் கேட்டது நினைவிருக்கும். “ஸுஹைப், லெட்ஸ் சே அவங்கள் ஒரு ஃபோம் தந்து வாப்பாட பேரை எழுதச் சொல்லுறாங்கள். எழுதுவீங்களா?” நான் சொன்னேன்: “முதல்ல ஃபோமைக் காட்டுங்கோ. உங்கட வாப்பாட பட்டங்கள் எல்லாம் எழுத இடம் காணுமா எண்டு பாக்கோணும்.” எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டாள். அவள் சட்டம் படிக்கிறாள், அப்படித்தான் இருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

இப்போது என் விஷயம். நான் படித்தது மின்னணுப் பொறியியல். பார்ப்பது, பிளாசாவில் கஸ்பர் அண்ணையின் கடையில் வி.சி.ஆர். திருத்தும் வேலை. ஸ்காபரோவின் வி.சி.ஆர். ஒன்றைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று உங்கள் களத்தில் யாருக்கும் தெரியாது. கரப்பான் பூச்சி இருக்கும். குடும்பத்தோடு இருக்கும். சூட்டுக்காக வந்து குடியேறி, முட்டை போட்டு, மூன்று தலைமுறை கண்டிருக்கும். நாலு வருடம் அவற்றைத் தூரிகையால் தள்ளிய பிறகு, டிசம்பரில் மார்க்கம் நகரத்தில் ஒரு நிறுவனம் எனக்கு வேலை தருகிறோம் என்றது. பவர் சப்ளை வடிவமைப்பு. ஜன்னலோரத்து மேசை. ஒரேயொரு நிபந்தனை: அந்தப் பவர் சப்ளை போய்ச் சேருவது அமெரிக்க இராணுவத்தின் வானொலிப் பெட்டிக்குள். ஆகவே பாதுகாப்பு அனுமதி எடுக்க வேண்டும், அதற்கு என்னைத் தெரிந்தவர்களிடம் போய் விசாரிப்பார்கள். ஒளிக்க ஒன்றுமில்லை, விசாரியுங்கள் என்று கையெழுத்துப் போட்டேன். உலகத்தில் எல்லாச் சாதனத்துக்கும் ஒரு கையேடு உண்டு. எங்கள் ஆட்களுக்கு மட்டும் கிடையாது என்பதை அந்தக் கணம் மறந்துவிட்டேன்.

விசாரிக்க இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் உயரமான, நரைத்த, அதிகம் பேசாத வெள்ளைக்காரர். அவர் பெயரைச் சொல்லமாட்டேன் என்று என்னிடம் தாளில் எழுதி வாங்கியிருக்கிறார்கள், ஆகவே கோட்டுக்காரர். மற்றவர் மொழிபெயர்ப்பாளர், பெயர் இராஜேஸ்வரி; வயது ஐம்பது, நெற்றியில் பொட்டு, கையில் நல்ல தோல் பை. இவர் எங்கள் மாடியில் கதவு கதவாகத் தட்டிக் கேட்டார்: பெடியன் எப்படி? எத்தனை வருஷமாத் தெரியும்? குடி, சூது ஏதும்? ஆரோட சேர்த்தி? கோபம் வருமா? கடன் உண்டா? பொலிஸ் கேஸ் ஏதும்? மாமா, உங்கள் மனச்சாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். பொட்டு வைத்த ஐம்பது வயது அம்மா ஒருவர் கைப்பையோடு வந்து இருபத்தேழு வயதுப் பெடியனைப் பற்றி இந்தக் கேள்விகளைக் கேட்டால், அது அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு என்று எங்கள் ஆட்களில் எவருக்குத் தோன்றும்? பக்கத்து வீட்டுத் தவமணி அன்ரிக்கு ஐந்து விநாடி போதுமாக இருந்தது: பொம்பிளை பகுதி வந்திருக்கு. அதுவும் சைவப் பகுதி. சோனகப் பெடியன் ஸுஹைப் எங்கேயோ ஒரு சைவப் பெட்டையை விரும்பிவிட்டான், தாய் மாப்பிள்ளை விசாரிக்க வந்திருக்கிறாள். கூட வந்த வெள்ளைக்காரர்? பெரிய இடம், லோயரையும் கூட்டி வந்திருக்கிறார்கள்.

தவமணி அன்ரிக்கு என்மேல் பட்சம். அவருடைய மைக்ரோவேவ் என்னால்தான் உயிரோடு இருக்கிறது. ஆகவே ஒரு கலியாணத்துக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதையெல்லாம் சொல்லிவிட்டார். “தங்கக் கம்பி. ஊரில பெரிய வளவு, ரெண்டு வீடு. மாசா மாசம் ஊருக்குக் காசு அனுப்பிற பிள்ளை. அங்க பெரிய பெரிய ஆக்களோட எல்லாம் நேர கதைப்பார்.” ஊரிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய நாள் தொடங்கி, எங்கள் வளவில் யார் இருக்கிறார்கள் என்று எங்களுக்கே எட்டு வருடமாகத் தெரியாது. நான் ஊரில் கடைசியாகக் கதைத்த பெரிய ஆள் என் பள்ளிக்கூட அதிபர். ஆனால் கோட்டுக்காரரின் கோப்பில் இது மூன்று வரியாக இறங்கிவிட்டது: வெளிநாட்டில் சொத்து, வெளிநாட்டுக்கு மாதாந்தப் பணம், வெளிநாட்டில் செல்வாக்குள்ள தொடர்புகள். மாப்பிள்ளைக்கு மூன்றும் மூன்று மாலை. பாதுகாப்புக் கோப்பில் மூன்றும் மூன்று சிவப்புக் கோடு.

கஸ்பர் அண்ணை எதிர்ப்பக்கம். நான் கலியாணம் கட்டினால் மாமனார் எனக்குச் சொந்தக் கடை போட்டுத் தருவார் என்று பயந்து, எனக்கு ஒரு வேலையும் தெரியாது, திருகாணி எந்தப் பக்கம் திரும்பும் என்றே தெரியாது என்றிருக்கிறார். நாலு வருடமாக ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, பாவம் பார்த்து என்றாராம். கொலிஜ் வாத்தியாரும் கட்டடக் காப்பாளரும் இன்னும் மூன்று அயல் வீடுகளும் ஆளுக்கொன்று சொன்னார்கள், அதையெல்லாம் எழுதித் தாளை வீணாக்க விருப்பமில்லை.

உம்மா இருக்கிறாரே, உங்கள் தங்கச்சி ஸித்தி, அவர் வாயே திறந்திருக்கத் தேவையில்லை. முதலில் பெருநாளைக்கு மிஞ்சிய வட்டலப்பம் கொடுத்தார். கோட்டுக்காரர் இரண்டு துண்டு சாப்பிட்டார், அதற்காக எனக்கு ஒரு புள்ளியும் கூடவில்லை. பிறகு உம்மா கேள்வி கேட்கத் தொடங்கினார். “பொண்ணுக்கு எத்தினை வயசு?” இராஜேஸ்வரி அம்மா நியாயமாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார்: “அதெல்லாம் நான் சொல்லேலாதம்மா. இது ரகசியமான விசயம்.” ரகசியம் என்றால் விஷயம் முற்றிவிட்டது என்றல்லவா எங்கள் வீட்டில் பொருள்? உம்மா வட்டலப்பத் தட்டை உள்ளே எடுத்துவிட்டார். எங்கள் பிள்ளையை ஏற்கெனவே ஓரிடத்தில் பேசி வைத்திருக்கிறது, எந்த இடம் என்று உங்களிடம் சொல்லத் தேவையில்லை என்று அறுத்துப் பேசிவிட்டார். கோட்டுக்காரர் எழுதிக்கொண்டார்: ‘வேறொரு தரப்புக்குக் கட்டுப்பட்டவர், அத்தரப்பின் பெயரை வெளியிடத் தாயார் மறுத்தார்.’ அந்தத் தரப்பு உங்கள் மகளாகத்தான் இருக்கும் என்பது அந்தக் கோப்பை வாசிக்கக் கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. அஸ்மியாவுக்குத் தெரியுமா, மாமா? இல்லை, அவளுக்கும் ஒரு கோப்பு வரும் வரைக்கும் காத்திருக்கிறீர்களா?

அவர்கள் லிஃப்டில் இறங்கி முடியுமுன் உம்மா ஒஷாவாவுக்குப் போன் எடுத்து, சைவப் பகுதி மாப்பிள்ளை விசாரிக்க வந்துவிட்டது என்று உங்களிடம் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததை நான் வெள்ளிக்கிழமை மார்க்கத்தில், கதவு சாத்திய அறையில், கோட்டுக்காரர் கோப்பை விரித்து வாசிக்கக் கேட்டேன். ஒன்பதாவது சாட்சி, தானாகவே தொடர்பு கொண்டவர் என்றார். உங்களை யாரும் தேடி வரவில்லை. எங்கள் வீட்டு மேசையில் அவர் விட்டுப்போன அட்டையின் இலக்கத்தை உம்மாவிடம் கேட்டு எழுதி, நீங்களே போன் எடுத்து, ‘அந்தப் பெடியனைப் பற்றி உண்மை சொல்ல ஒருவரும் இல்லை, என்னை விசாரியுங்கள்’ என்றிருக்கிறீர்கள். ஏழு கிழமை மைக்கைப் பிடித்து, கோள் சொல்பவன் மனிதனே இல்லை என்றவர் நீங்கள். தன்னை விசாரிக்கச் சொல்லித் தன் சொந்தச் செலவில் தொலைபேசி எடுத்த சுதந்திரப் போராளியை அமெரிக்காவே இதுவரை கண்டிருக்காது.

ஆறு குற்றம். ஒன்று, நான் சூதாடி. நயாகராவுக்கு ஒருதரம் பஸ்ஸில் போனேன். அந்த இலவசச் சீட்டைத் தந்ததே நீங்கள். இரண்டு, குடிப்பேன். மூன்று, மொன்றியலில் ஒரு பெண் இருக்கிறாள். நான் மொன்றியலுக்குப் போனது உங்கள் வீட்டு டிஷ் அன்ரெனாவுக்குச் சாமான் வாங்க. நாலு, கோபம் வந்தால் பொருள்களை உடைப்பேன். ஐந்து, தொழுகை இல்லை. இதை வைத்து அமெரிக்க இராணுவம் என்ன செய்யுமோ தெரியாது. ஆறு, எந்த நேரமும் நாட்டை விட்டு ஓடக்கூடியவன். கோட்டுக்காரர் ஒவ்வொன்றாக வாசித்து, ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைப் பார்த்தார்.

“இவருக்கு உன்மேல் பகையா?” என்று கேட்டார்.

“இல்லை. நல்ல விருப்பம். தன் மகளுக்கு என்னை எடுக்க நினைக்கிறார். அதனால்தான் இப்படிச் சொன்னார்.”

அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டார். நான் இருபது நிமிடம் விளக்கினேன். தனக்கு வேண்டிய மாப்பிள்ளையை மற்றவர்கள் கொத்திக்கொண்டு போகாமல் இருக்க அவனைக் குடிகாரன் என்று ஊரெல்லாம் சொல்வது எங்களிடம் உள்ள பழைய முறை, சிலர் பெயர் போடாமல் மொட்டைக் கடிதம் எழுதுவார்கள், என் மாமா நேர்மையானவர், பெயரைச் சொல்லியே செய்திருக்கிறார் என்றேன். மாமா, அந்த மனிதரின் தொழிலே சந்தேகப்படுவது. என்னை அவர் பார்த்த பார்வையில் சந்தேகம் இல்லை. அனுதாபம் இருந்தது. அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

பொன்னம்பலம் அங்கிள் ஒன்பதில் இல்லை. அவர் பெயரை நான்தான் கொடுத்திருந்தேன், பாதுகாப்புப் பக்கம் பேசுபவராயிற்றே என்று. கோட்டுக்காரர் அவர் வீட்டுக் கதவை மூன்றுதரம் தட்டியிருக்கிறார். உள்ளே ஓடிக்கொண்டிருந்த ரி.வி. நின்றது, ஜன்னல் சீலை ஆடியது, கதவு திறக்கவில்லை. பேஸ்மென்டில் அனுமதி எடுக்காமல் இரண்டு குடும்பத்தை வாடகைக்கு வைத்திருந்தால் எப்படித் திறக்கும்? நேற்றுப் பிளாசா மரக்கறிக் கடையில் பிடித்துக் கேட்டேன். அவர் தேசிக்காய்களை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “தம்பி, கோட்டுப் போட்டவன் வந்து தட்டினா ஆர் திறக்கிறது? ஒளிக்க ஒண்டுமில்லாட்டியும் ஆயத்தம் வேணுமே.” இவர்தான் இப்போது கீழே உங்களுக்கு எதிர்க் கதிரையில் இருந்து கதவு திறக்கும் கடமையைப் பற்றிப் பேசப்போகிறார்.

ஆகவே இதுதான் முடிவு. வேலை போய்விட்டது. வெள்ளிக்கிழமை அவர் கோப்பை மூடிய விதத்திலேயே தெரிந்துவிட்டது. நேற்றுக் காலை மார்க்கத்திலிருந்து கூரியரில் ஒரு தடித்த உறை வந்தது. இல்லை என்பதைச் சொல்ல ஏன் இவ்வளவு தாள் என்று திறக்காமல் குளிர்பெட்டிக்கு மேல் எறிந்துவிட்டேன். நாளைக்கு மீண்டும் கரப்பான் பூச்சி. இனி உங்கள் மைக் கரகரத்தால் அதை அமெரிக்காவே வந்து திருத்தட்டும். காரைப் பனி மூடினால் இராணுவத்துக்கு அறிவியுங்கள். அஸ்மியா விஷயம், நீங்கள் நடுவில் நிற்கும் வரைக்கும், முடிந்த விஷயம். களத்துக்குள் நான் இனிக் காலடி எடுத்து வைக்கமாட்டேன்.

மாமிக்கு என் சலாம். உங்களுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளையும், அதைவிட அவசரமாகக் கொஞ்சம் வாயடக்கத்தையும் தருவானாக.

இப்படிக்கு,
உங்கள் வாக்குமூலப்படி சூதாடியும் குடிகாரனுமாகிய மருமகன்,
ஸுஹைப்

பின்குறிப்பு, பிற்பகல் 3 மணி 50 நிமிடம்: முத்திரை தேடிக் குளிர்பெட்டியின் மேல் துழாவியபோது அந்த உறை என் தலையில் விழுந்தது. திறந்தேன். அனுமதி கிடைத்திருக்கிறது. வரும் 15ஆம் திகதி திங்கள் வேலை தொடக்கம். முதல் பக்கத்தில் கோட்டுக்காரர் கையால் எழுதிய ஒரு மஞ்சள் துண்டு: ‘இரகசியம் வைத்திருப்பவனைத்தான் எதிரி மிரட்டி வாங்குவான். உன்னைப் பற்றி இனி வெளியே வர ஒன்றும் மிச்சமில்லை. இல்லாததும் வந்துவிட்டது. உன் மாமாவுக்கு நன்றி சொல்.’ ஆகவே, நன்றி.

ஆனால் நான்காம் பக்கம் ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் படைகளையோ அவற்றின் யுத்தத்தையோ வழக்கமாகக் குறை சொல்பவர்களில் நான் நெருங்கிப் பழகும் ஆட்களின் பெயர், முகவரி, உறவு. பன்னிரண்டு வரி. ஆறு மாதத்துக்கு ஒருதரம் புதுப்பிக்க வேண்டும். மாமா, நான் பேனையை எடுத்தேன். இவ்வளவு இனிப்பான பழிவாங்கல் ஒருவனுக்கும் வாய்க்காது என்று சிரித்துக்கொண்டே முதல் வரியில் ‘மஃரூ’ வரைக்கும் எழுதினேன். இடம் தாராளமாகக் காணும். கடைசி எழுத்தை எழுதக் கை போகவில்லை. அஸ்மியா அன்றைக்குச் சிரிக்காமல் என்னைப் பார்த்தது ஞாபகம் வந்தது. நீங்கள் செய்தது முட்டாள்தனம். இந்தத் தாள் அப்படி இல்லை, இது தெரிந்தே சொல்லும் கோள். மேலே எழுதியதெல்லாம் உண்மை, ஆனால் அதில் சொன்ன முடிவு ஒன்றும் இனிச் செல்லாது. செய்யப்போவது:

1. இதை முடித்தவுடன் லிஃப்டில் இறங்கிக் களத்துக்கு வருவேன். ரோல்ஸ் நீட்ட வேண்டாம்.

2. எனக்கு இருபது நிமிடம் வேண்டும். முதல் ஐந்து நிமிடம் நீங்கள் செய்ததைப் பற்றி. மிச்சம் உங்கள் பக்கம் நின்று பேசுவேன். நீங்கள் சொல்லும் காரணங்கள் எல்லாம் பிழை, ஆனால் பக்கம் சரி.

3. மைக் கரகரத்தால் நானே பார்க்கிறேன்.

4. அஸ்மியாவிடம், அவளுக்கு விருப்பமா என்று, நானே நேரில் கேட்பேன். அவள் பதில் சொல்ல எத்தனை மாதம் எடுத்தாலும் ஒருவரும் எந்த இலக்கத்துக்கும் போன் எடுக்கக் கூடாது.

5. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் உங்கள் கையில் தருவேன். இந்தக் கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தால் அந்த நான்காம் பக்கமும் அதில் உங்கள் பெயரில் முக்கால்வாசியும் இருக்கும், கிழித்துவிடுங்கள்.

6. அந்தத் திங்கட்கிழமை காலை எட்டரைக்கு மார்க்கம் போவேன். நான்காம் பக்கம் எங்கே என்று கேட்பார்கள். குடும்பக் கடிதம் நீண்டுவிட்டது, தாள் போதவில்லை என்பேன்.